லெவெடிராசிட்டம் மாத்திரை: வலிப்பு நின்றது, குணம் மாறியது

வலிப்பை நிறுத்துவதில் இதைக் குறை சொல்லவே முடியாது, தம்பிக்கு அப்புறம் வரவே இல்லை. ஆனால் அதிர்ந்து பேசாத பையன், சொதியில் உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளிவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதான். வீட்டில் திமிர் என்றார்கள். எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள்தான், மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? வலிப்பு மருந்துகளால் தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே எச்சரித்தது. பாளையங்கோட்டையில் வேறொரு நரம்பியல் மருத்துவர் பொறுமையாகக் கேட்டு மருந்தை மாற்றினார், இப்போது பரவாயில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகாது, சரி, ஆனால் இப்படி நடந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பலாம்.