இருசக்கர வாகனத்துக்கான குழந்தைப் பாதுகாப்புப் பட்டை: வாங்கலாமா?

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்வோர் பாதுகாப்புப் பட்டை அணிவிக்க வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்னும் மத்திய மோட்டார் வாகன விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததை ஒட்டியே இதை வாங்கினோம். நைலான் துணியும் இரட்டைத் தையலும் உறுதியானவை. ஓட்டுநர் தோளில் மாட்டும் வார்கள், பின்னால் அமர்ந்த பிள்ளை தூங்கிச் சரிந்தபோதும் நழுவவில்லை. இடுப்புக் கொக்கிதான் சிக்கல்: கட்டைவிரல் வலிக்க அழுத்தினால்தான் திறக்கிறது. பட்டை 30 கிலோ தாங்க வேண்டும் என்கிறது விதி. இதிலோ எடை வரம்பே அச்சிடப்படவில்லை. இலவசமாகக் கிடைத்த ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை (விளையாட்டுச் சாமான் என்றே சொல்லலாம்) என்பதால், முத்திரையுள்ளதைத் தலையளவு பார்த்துத் தனியாக வாங்குவது நல்லது.