வெட்டி எடுத்த தகடு எங்கே என்று கேளுங்கள்: துருவை மூடித் தந்த ஒரு பட்டறை பற்றிய எச்சரிக்கை

எங்கள் குடும்பத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் காரின் துருவைச் சரிசெய்ய ஒரு பட்டறையில் விட்டேன். துரு முழுவதும் உள்ளேயே இருக்க, அதன் மேல் பளபளப்பான பூச்சை மட்டும் பூசித் திருப்பித் தந்தார்கள். எட்டு மாதங்கள் கழித்து, டயர் மாற்றுவதற்காக ஜாக்கியை முட்டுக் கொடுத்தபோது, கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ரன்னிங் போர்டுக்குள் ஜாக்கியின் தலை அப்படியே புதைந்து, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சக்கரத்தை அப்போது நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. காருக்கு அடியில் யாரும் கைவைத்திருக்கவும் இல்லை. அதனால் மட்டுமே இதை ஓர் ஏமாற்றத்தின் கதையாக எழுத முடிகிறது.

தொடக்கத்தில் வெளியே தெரிந்தது மிகச் சிறிய அளவுதான். பின்பக்க வலது சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் ஓரத்தில் பெயின்ட் மூன்று இடங்களில் கொப்புளம் போல எழும்பியிருந்தது. ரன்னிங் போர்டின் அடிவிளிம்பு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து தருவதாகச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பினேனே தவிர, எழுதி வாங்கவில்லை. மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது, பெயின்ட் அடிக்கும் அறைக்குள் வண்டி இருப்பதாகவும் தூசி பட்டுவிடும் என்பதால் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றும் கூறினார்கள். வெட்டி, ஒட்டி, வெல்டிங் செய்து, தேய்த்து முடிக்க வேண்டிய வேலை மூன்றே நாட்களில் பெயின்ட் வரை வந்துவிட்டது எப்படி என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். ஆறாம் நாள் கையில் கிடைத்த பில்லில் "பாடி வேலை, பெயின்ட்" என்ற ஒரே வரிதான் இருந்தது. காரின் அடிப்பகுதி முழுவதும் தார் போன்ற கருப்புப் பூச்சு தடவப்பட்டிருந்தது. கேட்காமலேயே செய்து தந்திருக்கிறார்களே என்று அதற்காக நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜாக்கி உள்ளே போன அன்று மாலை, காரை உறுதியான தாங்கிகள் மேல் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை நானே திறக்கத் தொடங்கினேன். கருப்புப் பூச்சைச் சுரண்டியபோது அது தோல் உரிவதைப் போலப் பெரிய பெரிய துண்டுகளாகக் கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் ஈரமான பழுப்புத் தூள் அப்பியிருந்தது. சக்கர வளைவில், மேடுபள்ளத்தை நிரப்பப் பூசும் பசையான பட்டியின் கனம் ஏறத்தாழ ஒரு விரற்கடை இருந்தது. அதைப் பெயர்த்ததும் பின்னால் கம்பி வலை, அதற்கும் பின்னால் கண்ணாடி இழைத் துணி, அதற்கும் பின்னால் விளிம்பு முழுவதும் அரித்துப்போன பழைய தகட்டின் ஓட்டை. எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது ரன்னிங் போர்டுதான். உள்ளே வெறுமையாக இருக்க வேண்டிய அந்தப் பெட்டிப் பகுதியில், வீட்டுக் கதவு நிலைகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தும், உப்பிப் பெருகும் நுரையைப் பீய்ச்சி நிரப்பியிருந்தார்கள். நுரையைப் பிழிந்தபோது தண்ணீர் வந்தது. வெல்டிங்கின் தடம் ஓர் அங்குலம் கூட எங்கும் இல்லை.

இவை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் "கொஞ்சம் பட்டி போட்டால் என்ன, எல்லோரும் போடுவதுதானே" என்ற பேச்சைப் பிறகு பலரிடமும் கேட்டேன். பட்டி என்பது பாலியஸ்டர் பிசினில் மாக்கல் தூள் போன்றவற்றைக் கலந்து செய்யப்படுவது. நல்ல தகட்டின் மேல் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் இழுத்து மேடுபள்ளத்தைச் சமன்செய்வதே அதன் வேலை. அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஓட்டையின் மேல் பூசும்போது பின்பக்கம் திறந்தே இருப்பதால், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் பின்னாலிருந்து பட்டிக்குள் ஊறி, எஞ்சியிருக்கும் இரும்பின் ஓரங்களைத் தொடர்ந்து அரிக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். அது வளரும்போது பட்டியையும் பெயின்ட்டையும் வெளியே தள்ளுகிறது, அதுதான் நமக்குக் கொப்புளமாகத் தெரிகிறது. சக்கர வளைவில் வெளித்தகடும் உள்தகடும் சேரும் மடிப்பில் சேறு தங்கி, அங்கிருந்துதான் பெரும்பாலும் அரிப்பு தொடங்குகிறது. ஆகவே கொப்புளம் வெளியே தெரியும் நாளில் உள்ளே பாதி வேலை முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ரன்னிங் போர்டு வெறும் அலங்காரத் தகடு அன்று. தனிச் சட்டம் (சேசிஸ்) இல்லாமல் உடலே சட்டமாகக் கட்டப்பட்ட கார்களில், தரைத்தகட்டையும் கதவுத் தூண்களையும் இணைத்து எடையைத் தாங்குவதும், பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் விசையை வாங்கிக்கொள்வதும் அந்தப் பெட்டிப் பகுதிதான். உள்ளே வரும் தண்ணீர் வெளியேறவும் காற்று புகுந்து உலரவும் அதன் அடியில் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். நுரை அந்தத் துளைகளை அடைத்து, பஞ்சு போலத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு, இரும்பைப் பகலிலும் இரவிலும் நனைத்தபடியே வைத்திருந்தது. துரு மேல் நேரடியாகத் தடவிய கருப்புப் பூச்சும் அதையே செய்தது. சுத்தமான, உலர்ந்த, பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்த தகட்டின் மேல் அது நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் துருவின் மேல் தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் மூடியாகிறது. இதில் மற்றோர் ஆபத்தும் இருக்கிறது. உள்ளே நுரை இருப்பது தெரியாமல் பிற்காலத்தில் யாரேனும் அங்கே வெல்டிங் செய்தால், அது தீப்பற்றி நச்சுப் புகையைக் கக்கும்.

பெயர்த்தெடுத்த பட்டித் துண்டுகளையும் நுரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "பழைய வண்டி என்றால் துரு திரும்பவும் வரத்தான் செய்யும்" என்றார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் அது பலரை வாயடைக்கச் செய்கிறது. ஒழுங்காக வெல்டிங் செய்த இடமும், உட்புறத்தைப் பாதுகாக்காவிட்டால் சில ஆண்டுகளில் மீண்டும் அரிக்கவே செய்யும். ஆனால் என் காரில் துரு திரும்பி வரவில்லை. அது போகவே இல்லை. வெட்டி எடுத்ததாகச் சொன்ன பழைய தகடு எங்கே என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. பில்லில் வெல்டிங் என்ற சொல்லே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி என்னை அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். கதவுகளின் அடிவிளிம்பிலும் டிக்கி மூடியின் ஓரத்திலும் இருந்த மேலோட்டமான துருவை வீட்டிலேயே சரிசெய்தேன். கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, கம்பி பிரஷ்ஷாலும் 80 எண் உப்புத்தாளாலும், துரு தெரியும் இடத்தைத் தாண்டி நல்ல பெயின்ட் வரும்வரை தேய்த்தால், பெரும்பகுதி வெள்ளி போல் பளிச்சிடும்; ஊசிமுனை போன்ற குழிகளில் மட்டும் கருமை நிற்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி என்னும் திரவத்தை அந்தக் குழிகளில் மட்டும் தடவி, டப்பாவில் சொல்லியபடி விட்டு, சுத்தம் செய்து, முற்றிலும் உலர்ந்த பின் எபாக்சி பிரைமர் அடித்தேன். மெல்லிய பட்டி அதற்கு மேல்தான் வந்தது, அதையும் தண்ணீர் தொடாமல் உலர் முறையிலேயே தேய்த்தேன். சாதாரணப் பிரைமரோடு காரை வாரக்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு. பெரும்பாலான பிரைமர்கள் ஈரத்தை உள்ளே விடுபவை. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் மேல்பெயின்ட்டுகள் பலவற்றில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலைப் பாதிக்கும், தூசி முகமூடி அதைத் தடுக்காது என்பதால் அதை வீட்டில் முயலவில்லை.

துரு மாற்றி விற்பவர்களைப் பற்றியும் இங்கே எச்சரிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் போதும், தேய்க்கவே வேண்டாம் என்று விற்கப்படும் திரவம் எதுவாக இருந்தாலும், அது தகட்டோடு இறுகப் பற்றியிருக்கும் மெல்லிய துருவில்தான் வேலை செய்யும். அடுக்கடுக்காக உரியும் துருவில் மேலடுக்கு மட்டும் கறுத்து, கீழே அரிப்பு தொடரும். ஓட்டை விழுந்த இடத்தில் எந்தத் திரவமும் இரும்பைத் திருப்பித் தராது.

வெல்டிங் எனக்குத் தெரியாது. எடை தாங்கும் பகுதியில் கற்றுக்குட்டித்தனமாக முயலக் கூடாது என்பதால், ரன்னிங் போர்டையும் சக்கர வளைவையும் வேறொருவரிடம் கொடுத்தேன். இந்த முறை மூன்று நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினேன்: வெட்டிய பழைய தகட்டை என்னிடம் தர வேண்டும், பிரைமர் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பை நான் நேரில் பார்க்க வேண்டும், தண்ணீர்த் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். அவர் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, இருக்கையையும் தரைவிரிப்பையும் அகற்றி, மீதமிருந்த நுரையைக் கடைசித் துணுக்கு வரை எடுத்து, சுத்தமான இரும்பு தென்படும் இடம் வரை வெட்டினார். தகடு வளைந்துவிடாமலிருக்கத் தொடர்ச்சியாக அல்லாமல் சிறு சிறு பகுதிகளாக இடம் மாற்றி வெல்டிங் செய்தார். பிறகு இணைப்புகளில் இடுக்கை அடைக்கும் சீலன்ட்டும், எல்லாம் உலர்ந்த பின் பெட்டிக்குள் நீண்ட குழாய் வழியே மெழுகும் அடித்தார். அவர் என் கையில் கொடுத்த பழைய தகடு சல்லடை போலிருந்தது. விரலால் ஒடிக்க முடிந்தது.

பட்டறையிலிருந்து காரை எடுக்கும் முன், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை வேலை நடந்த இடம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். பற்று தளரும் இடத்தில் கனத்த பட்டி இருக்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் தகடு கணீரென்றும் பட்டி மொத்தென்றும் ஒலிக்கும். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டிதான். குனிந்து, அடியிலுள்ள துளைகளுக்குள் ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். பழைய தகட்டைக் கேளுங்கள். உண்மையாக வெட்டியவரிடம் அது இருக்கும்.

முதல் பட்டறை எனது காரின் இடப்பக்கத்திலும் அதே கருப்புப் பூச்சைத் தடவியிருந்தது. அங்கே கொப்புளமோ செதிலோ எதுவும் இல்லாததால் நல்ல நிலையில் இருப்பதாகவே நினைத்திருந்தேன். போன வாரம் அந்தப் பக்கத்துத் துளைகளைத் தேடி, பூச்சைக் கீறி, கம்பியை உள்ளே செலுத்தியபோது, முதல் துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. கீழே வைத்த தட்டு நிரம்பும்வரை அது நிற்கவில்லை.