ஏரி வண்டலுக்கு எந்தப் பரிசோதனை: ராஜ திராவகமா, டிடிபிஏவா?

பெங்களூரில் வர்த்தூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் சிலர், ஏரி வண்டலைச் செம்மண்ணோடு கலந்து மாடித் தொட்டிகளில் அரைக்கீரை விதைக்கிறார்கள். நகரக் கழிவுநீர் பல்லாண்டுகள் கலந்த வண்டல் என்பதால், அதைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்முன் அதிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களின் மொத்த அளவு தேவையா, பயிருக்குக் கிட்டும் அளவு தேவையா என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

மொத்த அளவுக்கு, 3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகத்தில் மண்ணைச் சூடாக்கி, களியோடும் இரும்பு ஆக்சைடோடும் இறுகிக் கிடக்கும் உலோகத்தைக்கூடப் பெரும்பாலும் கரைத்தெடுக்கிறார்கள். எந்த வேருக்கும் அந்த வலிமை கிடையாது. மண்ணியலாளர்கள் லிண்ட்சேயும் நார்வெலும் 1978-இல் வெளியிட்ட டிடிபிஏ முறையில், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் டிடிபிஏ என்ற வேதிப்பொருள் கலந்த 20 மில்லி கரைசலில் 10 கிராம் மண்ணை 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வேர் எடுக்கக்கூடிய பங்கை ஏறத்தாழ அது காட்டுகிறது. துத்தநாகம் 0.6 பிபிஎம்முக்கு (கிலோ மண்ணுக்கு 0.6 மில்லிகிராம்) கீழே போனால் பற்றாக்குறை என்று நம் நாட்டில் சொல்வது இந்தக் கணக்கில்தான். மொத்தத்தில் 50 பிபிஎம் இருந்தும் பயிர் துத்தநாகமின்றி வெளிறலாம்.

கீரைக்குள் எளிதில் ஏறும் நச்சு உலோகமான காட்மியத்துக்கும் டிடிபிஏதான் பொருத்தம் என்பேன். தொட்டியில் சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தால் செடிக்குக் கிட்டும் காட்மியம் பொதுவாகக் குறையும். ராஜ திராவக எண்ணோ அசையாது, ஏனெனில் உலோகம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் டிடிபிஏ முறை நடுநிலை மண்ணுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்குமாக வகுக்கப்பட்டது. நம் புளிப்புச் செம்மண்ணில், புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் அதை மட்டும் நம்புவது சரியல்ல.

ஈயத்தில் என் தேர்வு தலைகீழ். செடி தான் எடுத்த ஈயத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். தொட்டி மண்ணைக் கிளறிவிட்டு விரலைச் சப்பும் குழந்தையின் வயிறோ கடும் அமிலம். அங்கே டிடிபிஏ காட்டும் சிறிய எண் வீண் தைரியத்தைத் தரும். பிஹெச் 1.5 உள்ள கிளைசின் கரைசலில், 37 டிகிரி சூட்டில், 1 மணி நேரம் மண்ணைக் குலுக்கி இரைப்பையைப் போலச் செய்து பார்க்கும் முறை ஒன்று உண்டு. அது கிடைக்காத இடத்தில் மொத்த அளவையே கேட்க வேண்டும். சரியாக அலசாத அரைக்கீரையின் அடித்தண்டில் ஒட்டியிருக்கும் செம்மண் துளியும் வேர் வழியாக வருவதல்ல, நேரே வயிற்றுக்குப் போவது. அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.