ஒலிம்போஸ் மலைக்கிராமத்துக்குப் போகிறவர்களே, துறைமுகத்து மேசையில் பணம் கட்டாதீர்கள்

கிரேக்கத்தின் கார்பத்தோஸ் தீவுக்குப் போகிற எண்ணம் இருந்தால், பிகாடியா துறைமுகத்தில் குடைக்கடியில் மேசை போட்டு, மலைக்கிராமத்துப் படம் ஒட்டிய தட்டியைச் சாய்த்து வைத்திருப்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே மேசை போட்டவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. எங்களுக்கு வாய்த்தவர் அப்படி. அவருடைய நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே மேசையைப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஜூலையில் நானும் அக்காவும் போனோம். அக்கா ஜெர்மனியில் இருபது ஆண்டுகளாக இருக்கிறார், தையல்காரர். துணி, நூல், பூவேலை என்றால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவார். ஒலிம்போஸ் அவர் கண்ணில் பட்டதே அப்படித்தான். கிரீட்டுக்கும் ரோட்ஸுக்கும் நடுவில் கிடக்கும் ஒல்லியான தீவு கார்பத்தோஸ். அதன் வடகோடியில், கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கரையை விட்டு ஏறிய மக்கள் மலை முதுகில் கட்டிய ஊர் ஒலிம்போஸ். அண்மைக் காலம் வரை அங்கே போக மண்பாதைதான். அந்தத் தனிமையால் ஊரின் பேச்சில் டோரிக் என்ற பண்டைய கிரேக்க வட்டார வழக்கின் சொற்கள் தங்கிவிட்டன. வயதான பெண்கள் இன்றும் பூப்போட்ட தலைத்துணியும், கறுப்பு மேலாடையும், ஆட்டுத்தோல் பூட்ஸும் அணிகிறார்கள். அது திருவிழா வேடம் அல்ல, செவ்வாய்க்கிழமையும் அதே உடைதான். இதைப் படித்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மேசைக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஆளுக்கு 55 யூரோ. படகில் தியாஃபானி துறைமுகம், அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஒலிம்போஸ், ஊருக்குள் 4 மணி நேரம், விறகு அடுப்பில் ரொட்டி சுடுவதைப் பார்ப்பது, 'கிராமத்து வீட்டில்' மதிய உணவு. எல்லாம் அந்தக் காசுக்குள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். 110 யூரோ கட்டினோம். நல்லவேளையாகக் கார்டில் கட்டினோம். அந்த நாளில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மறுநாள் காலை படகு இல்லை. மெல்தெமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலைப் புரட்டிப் போடும். கார்பத்தோஸில் அது இன்னும் கடுமை. காற்றுக்கு யாரைக் குறை சொல்வது? ஆனால் படகு கிளம்பாது என்பது முந்தின மாலையே துறைமுகம் முழுவதும் தெரிந்திருந்தது. காப்பிக்கடைப் பையன் சொன்னான். தெரிந்துகொண்டேதான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். 'வேனில் போகலாம், இன்னும் அழகான பாதை' என்றார்கள். படகுக் கட்டணத்தின் மிச்சம்? 'டீசல் விலை தெரியுமா?' என்று திருப்பிக் கேட்டார் மேசைக்காரர்.

பாதை அழகுதான், பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், கீழே நீலம். ஆனால் வழியில் ஒரு தேன் கடையில் நிறுத்தினார்கள். கார்பத்தோஸில் தைம் என்ற காட்டு மூலிகையின் பூவிலிருந்து வரும் தேன் பெயர்பெற்றது, நக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாங்கள் 40 நிமிடம் நின்றோம். வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் ஏதாவது வாங்கும்வரை ஓட்டுநரைக் காணவில்லை. கடைசி ஆள் ஜாடியோடு வந்ததும் அவரும் வந்துவிட்டார், தற்செயலாக.

ஒலிம்போஸ் வாசலில் இறங்கியபோது மணி 12.40. வண்டிகள் அதற்கு மேல் போகாது. உள்ளே எல்லாம் படிக்கட்டும் சந்தும்தான். வழிகாட்டிப் பெண் கையை உயர்த்தி, 'சரியாக 2.15க்கு இங்கே!' என்றார். 4 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. கேட்டதற்கு, 'பயண நேரமும் சேர்த்துத்தான் 4 மணி' என்று பதில். துண்டுச்சீட்டில் 'ஊருக்குள்' என்றுதான் எழுதியிருந்தது. காட்டினேன். 'அது பழைய சீட்டு' என்றார். நேற்று எழுதியது.

ரொட்டி அடுப்பு அணைந்து கிடந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், சாம்பல்கூடச் சில்லென்றிருந்தது. அதன் முன்னே ஓர் இளம்பெண் புத்தம்புதிய உடையில் ஒரு ரொட்டியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். வழிகாட்டி, 'இந்த ஊரில் பெண்கள்தான் ராஜ்ஜியம்' என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நகர்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை. இங்கே தாயின் சொத்து முழுவதும் மூத்த மகளுக்கு, தந்தையுடையது மூத்த மகனுக்கு என்பது பழைய வழக்கம். அந்த மூத்த மகளுக்குக் கனகரா என்று பெயர். திருவிழாவில் மார்பு நிறையத் தங்கக் காசு கோத்து நிற்பவள் அவள். பின்னால் பிறந்த பெண்கள் பலர் அக்காள் வீட்டு வேலையிலேயே காலம் கழித்தார்கள், அல்லது கப்பலேறிப் போனார்கள். இதை நான் சொன்னதும் என் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'பார்த்தாயா, இங்கே பிறந்திருந்தால் எல்லாம் எனக்கு, நீ பாத்திரம் தேய்த்திருப்பாய்' என்றார்.

அடுத்து, 'கிராமத்து வீடு'. அது ஓர் உணவகம், அதுவும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். எங்கள் காசுக்குள் வந்தது ஒரு தட்டு மக்காரூனெஸ். கையால் செய்த பாஸ்தாவின் மேல் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் பாலாடைக்கட்டியும். அதில் குறை இல்லை. பிறகு பரிமாறுபவர் ஒரு தட்டில் சிவப்பு மீன்களைக் கொண்டுவந்து, 'பர்பூனி, இன்று காலை தியாஃபானியில் பிடித்தது, உங்களுக்காக' என்றார். 'உங்களுக்காக' என்றால் இலவசம் என்று பொருள் கொண்டோம். மலை ஏறிப் போய் மீன் சாப்பிட்ட புத்திசாலிகள் நாங்கள். அன்று காலை கடலில் ஒரு படகும் இறங்கவில்லை என்பதாவது உறைத்திருக்க வேண்டாமா?

பில் என்று வந்தது கையால் எழுதிய ஒரு காகிதம். மீன் 1 கிலோ 100 கிராம், கிலோ 70 யூரோ வீதம் 77. ரொட்டி 4, தண்ணீர் 3. மொத்தம் 84 யூரோ. மீன் ஆறு, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். அந்த ஆறும் சேர்ந்து அரைக்கிலோ தேறினால் அதிகம். கார்டை நீட்டினோம், மலையில் சிக்னல் இல்லையாம். என் கைப்பேசியில் முழுச் சிக்னல் இருந்தது. வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ரொக்கமாக எண்ணி வைத்துவிட்டு ஓடினோம். வெளியே வரும்போதுதான் வாசலில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தேன். பர்பூனி என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. கிரேக்க உணவகங்களில் அதற்கு அர்த்தம் உறைய வைத்த மீன்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பலருக்கும் கைகொடுக்கக்கூடிய இடம் இது. கிரேக்கத்தில் மீன் பெரும்பாலும் எடைக்கு விற்கப்படுகிறது. சமைக்கும் முன் உங்கள் கண்ணெதிரே நிறுத்துக் காட்டச் சொல்லலாம், அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பெரும்பாலும் காசு உண்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையான ரசீது தரப்படவில்லை என்றால் வாடிக்கையாளர் பணம் தரக் கடமைப்பட்டவர் அல்ல என்று அங்கே விலைப்பட்டியலிலேயே அச்சடித்திருப்பார்கள். கையால் கிறுக்கிய காகிதம் ரசீது ஆகாது. ரசீதுக்கு கிரேக்கத்தில் 'அப்போதிக்ஸி' என்று பெயர். அந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1571. எங்களுக்கு இதெல்லாம் விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

தலைத்துணிக் கதை பாக்கி இருக்கிறது. அக்கா வேன் வளைவுகளில் தலைசுற்றிப்போய்க் கடைத்தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் வழிகாட்டியோடு ஒரு கடைக்குள் போனேன். பூவேலை செய்த துணி ஒன்று, 45 யூரோ. 'கைவேலையா?' என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் வாயைத் திறக்கும் முன் வழிகாட்டி, 'ஆமாம், மூன்று மாத வேலை' என்றார். அம்மாள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காகிதத்தில் சுற்றினார். அந்தப் பார்வைக்கு அப்போதே அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் அக்கா துணியை விரித்தார், திருப்பினார். 'பின்பக்கத்தைப் பார்த்தாயா?' என்றார். ஒரே சீரான நூல், முடிச்சே இல்லை, பூவுக்குப் பூ அச்சடித்த மாதிரி. ஓரத்தில் முத்திரைத் துணியைக் கத்தரித்த தடம்கூட இருந்தது. 'மூன்று மாதமா? மூன்று நிமிடம்' என்றார். அதன் பிறகு பிகாடியா வரும்வரை என்னோடு பேசவில்லை.

அக்கா விடுகிற ஆள் அல்ல. இரண்டு நாள் கழித்து ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பிகாடியாவிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, ஒலிம்போஸில் ஓர் இரவுக்கு அறை பிடித்து மறுபடி போனோம். சுற்றுலா வண்டிகள் இறங்கிப் போன பிறகு ஊர் வேறு ஊராகிவிட்டது. மேற்கு விளிம்பில் வரிசையாக நிற்கும் பழைய காற்றாலைகளின் பக்கம் வெயில் சாய்ந்தது. அன்று பார்க்காத கிழவிகள் அதே கறுப்பு உடையில் படி ஏறிப் போனார்கள். படம் எடுக்க யாரும் இல்லாதபோதும் அதே உடை. ஒரு சந்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ரொட்டி வாசனை தெருமுனை வரை வந்தது. ஒரு முழு ரொட்டி வாங்கினோம். வாங்கிய சூட்டிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

அதே தெருவில் வேறொரு கடை. அந்த அம்மாள் பல ஆண்டுகள் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்தவர். இந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியேறிய இடம் அது. நல்ல ஆங்கிலம் பேசினார். அக்கா துணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டதும் சிரித்துவிட்டார். 'இந்தப் பக்கம் தொங்குவது வெளியிலிருந்து வாங்கி விற்பது. இது நான் செய்தது. விலையும் வேறு' என்று தானாகவே பிரித்துக் காட்டினார். அவர் செய்ததைப் பார்த்து அக்கா பெருமூச்சு விட்டார், விலையைக் கேட்டு இன்னொன்று விட்டார். கடைசியில் கையகலத் துண்டு ஒன்று வாங்கினார். அந்த அம்மாள் உடம்பு சரியில்லாமல் கிடந்த குளிர்காலத்தில் செய்ததாம், ஒரு மூலையில் நூலின் நிறம் லேசாக மாறியிருக்கும். இருவரும் மணிக்கணக்காக ஊசிகளைப் பற்றிப் பேசினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பூனைகளை எண்ணினேன்.

அன்று எங்களை ஏமாற்றியது ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் பேசவே இல்லை. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒருவர் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உணவகத்துக்காரரை மட்டும் இந்தக் கணக்கில் மன்னிக்க மாட்டேன்.

பணம் திரும்பியதா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புச் சுற்றுலாச் சட்டம் காப்பாற்றும் என்று அக்கா நம்பினார். படித்துப் பார்த்தால், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைந்த பயணங்கள் அதில் சேராது. ஒருநாள் சுற்றுலா விற்பவர்கள் இந்த விலக்கை நன்றாகவே அறிந்திருப்பார்கள் போல. கார்டு கொடுத்த வங்கியில், சொன்ன சேவை தரப்படவில்லை என்று புகார் எழுதினோம். துண்டுச்சீட்டின் படம், வேன் நின்ற நேரம், படகு ரத்தான அறிவிப்பின் படம் எல்லாம் இணைத்தோம். ஆறு வாரம் கழித்து 110இல் 50 யூரோ திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 84 போனது போனதுதான்.

45 யூரோத் துணி இப்போது அக்காவின் தையல் இயந்திரத்தின் மேல் தூசி படாமல் மூடிக் கிடக்கிறது.