மடக்கு ட்ரையரா, பார்லர் ட்ரையரா: அடங்காத முடிக்காரியின் கணக்கு

பள்ளியில் என் தலைக்கு வைத்த பெயர் தேங்காய் நார். சுருட்டை என்றும் சொல்ல முடியாது, கோரை முடி என்றும் சொல்ல முடியாது. நெற்றிப் பக்கம் நெளி, பிடரியில் சுருள், உச்சியில் எந்தக் கட்சியிலும் சேராமல் சிலிர்த்து நிற்கும் ஒரு கூட்டம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய வரைக்கும் எல்லாம் அடங்கிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து, ஏழே காலுக்குத் தலைக்குக் குளித்து எட்டரை மணி மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்றானபோதுதான் முதல் ட்ரையர் வாங்கினேன். பதினோரு வருஷத்தில் மொத்தம் மூன்று. முதல் இரண்டும் கைப்பிடி மடங்கும் சின்ன ரகம். மூன்றாவது, பார்லர்களில் சுவரில் மாட்டியிருப்பார்களே, அந்தப் பெரிய ரகம். அது வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இப்போது அலுவலகத்தில் யாராவது ஒருத்தி வாரம் தவறாமல் கேட்கிறாள்: "அக்கா, அவ்வளவு காசு கொடுத்து அந்தப் பெரிசை வாங்கணுமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. முடி அடங்காதவர்கள் வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் கடையில் சொல்லும் காரணங்களுக்காக அல்ல.

மடக்கு ரகம் 1000 முதல் 1200 வாட். எண்ணூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும். பார்லர் ரகம் 1800 முதல் 2200 வாட். சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறில் தொடங்கி ஐயாயிரம் வரை போகும், அதற்கு மேலும் உண்டு. எடை, சத்தம், இடம் மூன்றிலும் சின்னதுதான் ஜெயிக்கும். ஊருக்குப் போகும்போது பையில் போடுவதற்கும் அதுதான் சரி. பெரியதைத் தூக்கிப் பிடித்த முதல் வாரம் எனக்குத் தோள்பட்டை வலித்தது. இதில் அலச வேறொன்றும் இல்லை.

உண்மையான வித்தியாசம் காற்றில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ட்ரையர் செலவானது.

முடி நனைந்தால் அதிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டுப் போகும். காய்ந்து முடிகிற நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே திரும்பப் பிணையும். அதனால்தான் ஈரத்தலையோடு படுத்து எழுந்தால் தலையணை வைத்த கோணலை நாள் முழுக்கச் சுமக்கிறோம். அடங்காத முடியை அடக்குவது என்றால், அந்தக் கடைசி ஈரம் போகும் நேரத்தில் சீப்பால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாகக் காற்றடிப்பதுதான். ஏன் மேலிருந்து கீழ்? முடியின் மேல்தோல் செதில் செதிலாக, நுனியைப் பார்த்துப் படிந்திருக்கிறது. மீனைத் தடவிப் பார்த்தால் தெரியும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் குத்தும். முடியும் அப்படித்தான். தலையைக் கவிழ்த்துப் போட்டுக் கீழிருந்து காற்றடித்துவிட்டு, 'இன்னும் பரட்டையாகிவிட்டதே' என்று பல வருஷம் ட்ரையரைத் திட்டியிருக்கிறேன்.

மடக்கு ரகத்தில் சூடு நன்றாகவே வரும். காற்றுதான் போதாது. காற்று போதாவிட்டால் கை தானாகவே ட்ரையரை முடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. 2011ல் கொரிய ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். ட்ரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது முடியில் 47 டிகிரி, 10 செ.மீ. என்றால் 61 டிகிரி, 5 செ.மீ. என்றால் 95 டிகிரி. 15 செ.மீ. தூரத்தில் விடாமல் அசைத்துக்கொண்டே காய வைத்தால், முடியைத் தானாகக் காய விடுவதைவிடவும் அது நல்லது என்றும் அவர்களுக்குத் தெரியவந்தது. ரொம்ப நேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்கு ஆகாதாம். ட்ரையர் என்றாலே முடி போச்சு என்று சொல்லும் என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ சாம்பிராணிப் புகை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. யோசித்தால் அதுவும் தணிந்த சூடு, தள்ளி வைத்த தூபக்கால், கோதிக்கொண்டே இருக்கும் விரல்தானே.

பார்லர் ரகத்தை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் காற்று முடியைப் பிரித்துக்கொண்டு போகிறது. தோளுக்குக் கீழே நாலு விரல் இறங்கும் என் அடர்த்தியான முடி சின்னதில் காய 28 நிமிடம், பெரியதில் 13. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து எடுத்த கணக்கு. மின்சாரமும் கூடவில்லை: 1200 வாட்டில் 28 நிமிடம் என்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், 2000 வாட்டில் 13 நிமிடம் என்றால் அரை யூனிட்டுக்கும் கீழ். பெரிய மெஷின், பெரிய பில் என்ற பயம் எனக்கும் இருந்தது, தேவையில்லாத பயம்.

ஆனால் இந்தக் காற்று வாங்கிய அன்று இருப்பது போலவே இருக்குமா? என் தீர்ப்பு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

ட்ரையர் பின்பக்கம் காற்றை இழுத்து முன்பக்கம் தள்ளுகிறது. இழுக்கும்போது வீட்டுத் தூசி, துண்டின் பஞ்சு, நம் உதிர்ந்த முடி எல்லாம் சேர்ந்து இழுபடும். பின்பக்கச் சல்லடை அடைபட்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் கம்பிச் சுருள் குளிராமல் கூடுதலாகச் சூடாகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். என் முதல் ட்ரையர் இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பாதித் தலையில் நின்றது. வலது பக்கம் ஒழுங்கு, இடது பக்கம் ஈரநார். கொண்டை போட்டுக்கொண்டு ஓடினேன்.

அந்தச் சல்லடையைக் கழற்ற முடியாது. உடலோடு சேர்த்தே வார்த்திருந்தார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெளியிலிருந்து தேய்த்தால் பாதித் தூசி வெளியே வரும், மீதி உள்ளே போகும். இரண்டாவதும் அதே கதை. ஆறாவது மாதத்திலிருந்தே காற்று சோர்ந்து, பொசுங்கும் வாசனை வரத் தொடங்கியது. இரண்டரை வருஷத்தில் மோட்டார் நின்றது. பக்கத்துத் தெரு மிக்ஸி ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துக் காட்டியபோது விசிறியின் தண்டில் என் முடியே நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. "இது பொம்மைக் கார்ல வர்ற மாதிரி டிசி மோட்டார்மா. மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றார். அவர் சொன்னது மிகை இல்லை. சின்ன ரகங்களில் இருப்பது குறைந்த வோல்ட்டில் ஓடும் டிசி மோட்டார். வரும் மின்சாரத்தைச் சூட்டுக் கம்பியின் ஒரு பகுதி வழியாகவே குறைத்து, ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரமாக மாற்றும் நாலு டயோடு வைத்து மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். எடை குறைய இதுதான் காரணம். சீக்கிரம் தேய்வதற்கும் இதுதான்.

பார்லர் ரகத்தில் இருப்பது ஏசி மோட்டார், வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓடுவது. கனம் அதனால்தான். நாள் முழுக்கத் தலை மாற்றித் தலை ஓடுவதற்காகச் செய்தது, என் வீட்டில் வாரம் மூன்று நாள் கால் மணி நேரம்தான் ஓடுகிறது. ஆனால் நான் வாங்கியது மோட்டாருக்காக இல்லை. நான் போகும் பார்லர் அக்கா ஒரு நாள் வாடிக்கையாளர் இல்லாத மத்தியானத்தில், பேசிக்கொண்டே ட்ரையரின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய கம்பிவலையைக் குழாயடியில் காட்டி அலசி, துடைத்து, காய வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வாரம் ஒருக்கா இதைச் செஞ்சா போதும், இது எனக்கு முன்னாடி இருந்தவங்க வாங்குனது" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வருஷமாக மாதம் இரண்டு ஞாயிறு நான் அதையே செய்கிறேன். காற்று குறையவில்லை, இன்றைக்கும் 13 நிமிடம்தான். நடுவே ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் தெறித்துவிட்டது. என் தப்பு, வேலை முடிந்ததும் ஒயரை இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கம். அதே மிக்ஸிக் கடைக்காரர் இரண்டு திருகாணியைக் கழற்றி 220 ரூபாய்க்குப் புது ஒயர் போட்டுக் கொடுத்தார். இப்போது தளரச் சுருட்டித்தான் வைக்கிறேன்.

காசுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டும் 950, 1,300. சேர்ந்து ஐந்தரை வருஷம் ஓடின. நடுவே கொரோனா காலத்தில் ட்ரையர் இல்லாமலே காலம் போயிற்று. பெரியது 3,600, ரிப்பேர் 220. சின்னதின் வருஷச் செலவோடு சமமாக வேண்டுமானால் பெரியது ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். மூன்றுதான் ஆகியிருக்கிறது. ஆகவே, பெரியது வாங்கினால் பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமானது ஒவ்வொரு குளியலுக்கும் கால் மணி நேரம், அப்புறம் அந்தப் பொசுங்கும் வாசனையும் இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, கடையில் சொல்ல மாட்டார்கள்: பிளக். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். கட்டிலுக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் போடும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 1200 வாட் ட்ரையர் இழுப்பது ஐந்து சொச்சம்தான், அதனால் அங்கே ஓடிவிடும். பெரியதற்கு ஏசி, கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். சின்ன அடாப்டரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ போட்டு ஓட்டினால் பிளாஸ்டிக் இளகும். கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரை இதற்கு நம்ப வேண்டாம். கீசர் பாயிண்ட் இருக்கிறதே என்று ஈரக் குளியலறைக்குள் ட்ரையரைக் கொண்டுபோகவே கூடாது.

பெட்டிமேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 'அயானிக்' சமாச்சாரம், அதாவது காற்றோடு அயனிகளை விட்டு முடியின் சிலிர்ப்பைக் குறைக்கும் என்று சொல்வது? என்னுடையதில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. போட்டும் அணைத்தும் பார்த்தேன், ஒரு வாரம் பாதித் தலைக்கு மட்டும் போட்டும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் கூடுதலாக ஐந்நூறு கேட்டால் கொடுக்க மாட்டேன். கூடவே வரும் தட்டை மூக்கு நாசிலைத் தொலைக்காதீர்கள், காற்றை ஒரே பட்டையாக இறக்குவது அதுதான். குளிர்காற்றுப் பொத்தானும் சும்மா இல்லை. ஒவ்வொரு பகுதியும் காய்ந்ததும் பத்து விநாடி குளிர்காற்று அடித்தால் வடிவம் நிற்கிறது.

முப்பதாயிரத்துக்கு மேல் விலை சொல்லும் ரகத்தையும் கேட்பார்கள். 2016ல் வந்த டைசன் சூப்பர்சானிக்தான் அதற்கெல்லாம் முன்னோடி. மோட்டாரைத் தலையிலிருந்து எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்தார்கள். நிமிடத்துக்கு 1,10,000 சுற்று, வாட் 1600தான். சித்தி மகள் வீட்டில் இருக்கிறது, நாலைந்து முறை அடித்துப் பார்த்தேன். கை வலிக்கவில்லை, சத்தம் காதைக் கிழிக்கவில்லை, நேரம் என்னுடையதைவிட இரண்டு நிமிடம் குறைவு. நாலைந்து முறையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த மோட்டார் போனால் என் மிக்ஸிக் கடைக்காரர் கைவைக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

நிஜமான சுருட்டை முடிக்காரர்களுக்கு என் அனுபவம் அவ்வளவாகப் பயன்படாது. கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கம்பிச்சுருள் போன்ற முடி. என் ட்ரையரை வாங்கிப் போய் நேரடியாக அடித்ததில் சுருளெல்லாம் பிரிந்து பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டது. அவளுக்கு வேண்டியது வேகம் இல்லை. காற்றைப் பரப்பிவிடும் அகன்ற மூக்கான டிஃப்யூஸர் மாட்டிய மெதுவான காற்று. அதற்குச் சின்ன ரகமே போதும் போலிருக்கிறது. கோவையில் இருக்கும் என் அக்காவுக்கோ கோரை முடி. ஃபேனுக்குக் கீழே காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அவளுக்கு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த ட்ரையரும் சென்னைக் காற்றை ஜெயிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரம் முடிக்குள் புகுந்து அந்தப் பிணைப்புகளை மறுபடி அவிழ்க்கத்தான் செய்யும். சின்னதில் காய வைத்த நாட்களில் கிண்டியில் இறங்கும்போதே உச்சிக் கூட்டம் எழுந்துவிடும். இப்போது மாலை நாலு மணி வரை தாக்குப் பிடிக்கிறது. ஐப்பசி மழையில் மத்தியானச் சாப்பாடு வரைதான்.

போன மாதம் கூட வேலை பார்க்கும் பெண்ணோடு கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் வாட், அயானிக், இலவசச் சீப்பு என்று வரிசையாகச் சொன்னாள். நான் ட்ரையரைக் கையில் வாங்கிப் பின்மூடியைத் திருகினேன். "மேடம், அது கழறாது" என்றாள். இடப்பக்கமாக ஒரு திருகு, கையோடு வந்துவிட்டது. அவள் வாயடைத்து நின்றாள். தோழி அதையே வாங்கினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இருக்கிற ஒரே பவர் பிளக் குளியலறைக்குள், கீசருக்குப் பக்கத்தில். எலக்ட்ரீஷியன் 'நாளைக்கு வர்றேன்' என்று சொல்லிப் பத்து நாளாகிறது. பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது.