தினமும் நாமே போய் நிற்பதா, கட்டத்துக்குக் கட்டம் பொறியாளரை அழைப்பதா?

வீட்டு வேலை தொடங்கியபோது, அதைக் கவனித்துக்கொள்ள எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குடும்பத்தில் யாராவது ஒருவர் தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போவது. மற்றொன்று, ஒப்பந்ததாரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத கட்டடப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தி, முக்கியமான கட்டங்களில் மட்டும் வந்து பார்க்கச் சொல்வது. அடித்தளம் முடியும்வரை முதல் வழியில் நடந்துவிட்டு, அதன்பின் இரண்டாவதற்கு மாறினோம். என் சாய்வு பொறியாளரின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொறியாளருக்குக் கட்டணம் உண்டு. நாமே போனால் பணம் போகாது, விடுப்பு போகும்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: மூடப்படும் வேலைகள். தரை ஓடு, கதவு, வண்ணம் போன்றவை பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்குள் போன கம்பியையும், பூச்சுக்குள் போன குழாயையும் அப்படி மாற்ற முடியாது. அவற்றைச் சரிபார்க்கக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமோ ஒரு நாளோதான், அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண் அங்கே இருக்க வேண்டும். தினமும் போய் நின்ற எனக்கு அந்தக் கண் இல்லை.

முதல் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். இரண்டு நாள் தொடர்ந்து பார்த்த எனக்கு, கம்பி நிறைய இருக்கிறது என்ற நிம்மதி மட்டுமே ஏற்பட்டது. பொறியாளர் வந்ததும் நேராக பால்கனிப் பகுதிக்குப் போனார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் இழுவிசை மேற்புறத்தில்தான் வரும் என்பதால், அங்கே முக்கியக் கம்பிகள் மேலே இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து நடந்ததில் அவை கீழே அமுங்கிக் கிடந்தன. தாங்குகம்பிகள் வைத்து அவற்றைத் தூக்கி நிறுத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கான்கிரீட் விழுந்திருந்தால் அந்தக் குறை யாருக்கும் தெரியாமல் உள்ளேயே இருந்திருக்கும்.

கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க இடையே வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கும் இதே கதைதான். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் மேலுறை மெலிந்தால் காற்றும் ஈரமும் விரைவில் கம்பியை எட்டிவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் பிளந்து உதிரும். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50 என்பவை இந்த மேலுறைக்குப் பரவலாகக் கையாளப்படும் அளவுகள். கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஓட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்து ஒப்பேற்றுவது அடிக்கடி நடக்கும், வெறும் பார்வைக்கு அது சரியாகவே தெரியும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கூரையின் அடிப்பக்கம் உதிரத் தொடங்கும்போது அதற்கான பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும் என்பதை எண்ணினால், பொறியாளரின் கட்டணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. குளியலறைக் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே ஓடு பதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு படம் எடுத்து வைக்கச் சொன்னவரும் அவரே. பிற்பாடு ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் படங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

தினமும் போவதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் வலுப்பெற அதை நனைத்துக்கொண்டே இருக்கும் நீராற்றுவது அன்றாட வேலை. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த வகைக்கு 10 நாளும் அதற்கு மேலும் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். அதைப் பொறியாளர் வந்து செய்ய மாட்டார். மாறிய பிறகும் காலையும் மாலையும் வீட்டில் ஒருவர் போய்ப் பார்த்தே வந்தோம். கலவை இறுகுகிறது என்று கொத்தனார் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதையும் அங்கே நிற்பவர்தான் தடுக்க முடியும். ஆனால் தினமும் நிற்பவருக்கு யோசனையும் தினமும் மாறும். எங்கள் சமையலறை ஜன்னல் மூன்று முறை இடம் மாறியதற்கு நானே காரணம், அதன் கூலியும் நான் கொடுத்ததே.

கேமரா வைத்துக் கண்காணிப்பதை மூன்று வாரம் முயன்று பார்த்தோம். ஆள் வந்தாரா, மூட்டை இறங்கியதா என்பது தெரிந்தது. கம்பியின் இடைவெளி தெரியவில்லை. அவ்வளவு குறைந்த அனுபவத்தை வைத்து அதைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அதுபோல, தூண்களே இல்லாமல் சுவரே சுமை தாங்கும் சிறிய ஒற்றைத் தள வீட்டுக்கு இத்தனை வருகைகள் தேவைப்படாமலும் போகலாம். எங்களுடையது தூண்கள் மேல் நிற்கும் இரண்டு தள வீடு.

பொறியாளர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட வேண்டும்: கான்கிரீட் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே தகவல் சொல்ல வேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை போடக் கூடாது. இந்த வரி இல்லாவிட்டால், அவர் வந்து சேரும்போது தளம் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இந்த வரி இருந்ததால் இரண்டாவது தளம் ஒரு நாள் தள்ளிப்போனது. ஒப்பந்ததாரர் முகம் சுளித்தாலும், அன்று மாலையே விடுபட்ட கவர் பிளாக்குகளை அவரது ஆட்களே வைத்து முடித்தார்கள்.