மராக்கேஷ் போறீங்களா? இந்த 'எல்லாம் சேர்த்து' பேக்கேஜ் பக்கமே போயிடாதீங்க, 462 பவுண்டு போச்சு

462 பவுண்டு. நாலு பேருக்கு. ஊருக்குத் திரும்பி வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கல, இதை முதல்ல எழுதிடணும்னு உக்காந்துட்டேன். லண்டன்ல இருந்து சின்ன லீவுக்கு மொரோக்கோவுல இருக்கற மராக்கேஷ் போற நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்க, ஃப்ளைட் நாலு மணி நேரத்துக்குள்ள, சீசன் இல்லாத நேரத்துல டிக்கெட்டும் மலிவு, அதனால இன்னொரு குடும்பம் இதே ஆளுங்ககிட்ட போய் மாட்டிடக்கூடாது. குறைஞ்ச நாள்ல அங்க என்னென்ன பாக்கலாம், எதை எங்க புக் பண்ணணும்னு கடைசியில விவரமா போடறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

பேங்க்ல புகார் ஓடிட்டிருக்கறதால பேர் சொல்ல முடியல. உலகத்துல எல்லா ஊருக்கும் டூர், நுழைவு டிக்கெட், ஏர்போர்ட் பிக்கப்னு விக்கிற பெரிய புக்கிங் ஆப் ஒண்ணு. அதுக்குள்ள உள்ளூர் ஏஜென்சிங்க கடை விரிச்சிருப்பாங்க, நாம காசு கட்டறது ஆப்புக்கு, கூட்டிட்டுப் போறது ஏஜென்சி. நான் எடுத்தது 'மராக்கேஷ் ரெண்டு நாள், எல்லாம் உள்ளடக்கம்'. முதல் நாள் லைசென்ஸ் வாங்கின கைடோட பழைய ஊர், சூக்குங்கற கடைத்தெரு, பாஹியா அரண்மனை, பென் யூசுஃப் மதரஸா. ரெண்டாவது நாள் காலையில மஜொரெல் தோட்டம், மத்தியானத்துக்கு மேல பாலைவனம், ஒட்டகம், சூரிய அஸ்தமனம், ராத்திரி சாப்பாடு. மேல போட்டிருந்த படத்துல ஆரஞ்சு கலர்ல மணல் மேடு மேடா, அது மேல வரிசையா ஒட்டகம். ரேட்டிங் 4.8.

படத்தை மட்டும் பாத்துட்டு நான் காசு கட்டல. மராக்கேஷ் பக்கத்துல இருக்கற அகாஃபே வெறும் கல் பாலைவனம்னு எங்கயோ படிச்சிருந்தேன், அதனால ஆப்லயே இருக்கற சாட்ல அந்த ஏஜென்சிகிட்ட நேராவே கேட்டேன், இது கல்லா மணலா, எங்க அத்தைக்கும் பொண்ணுக்கும் மணல் மேடு பாக்கணும், அதுக்காகத்தான் இதை எடுக்கறேன்னு. ரெண்டே நிமிஷத்துல பதில், "நூறு சதவீதம் சஹாரா மேடம், பெரிய மணல் மேடுகள், பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியா இருக்கும்". மஜொரெல் டிக்கெட் சேர்த்தியான்னு கேட்டேன், "உங்க பேர்ல ஏற்கெனவே எடுத்தாச்சு". அத்தை சுத்த சைவம், கறியோ கறி வெந்த தண்ணியோ எதுவும் ஆகாதுன்னு சொன்னேன், "தனி அடுப்பு மேடம், கவலையே வேண்டாம்". ஒவ்வொரு பதில்லயும் எங்க நாலு பேரோட பேரும் இருந்துச்சு, அத்தை பேரைக்கூட சரியா எழுதியிருந்தாங்க. எழுத்துல இவ்வளவு தெளிவா சொல்றாங்க, 24 மணி நேரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணா முழுப்பணமும் திரும்ப வரும்னு வேற இருக்கு, அப்ப நம்பறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கிரெடிட் கார்டுல 462 பவுண்டு கட்டினேன்.

அந்த 24 மணி நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப்ல மெசேஜ், நேரம் மாறியிருக்கு, பிக்கப் இடம் மாறியிருக்கு, கைடும் வேற ஆள்னு. அதுக்கு முன்னாடி வந்திருந்தா கேன்சல் பண்ணியிருப்போம்.

வந்தது ஒரு பையன், இருபது வயசு இருக்கும். கழுத்துல பேட்ஜ் இல்ல. மொரோக்கோவுல கைடு வேலை செய்யணும்னா அரசாங்க அடையாள அட்டை வேணும், அதைக் கழுத்துல மாட்டியிருக்கணும், கேட்டதுக்கு வீட்ல இருக்குன்னான். ஜெமா எல் ஃப்னா சதுக்கம் நெருங்க நெருங்க அவன் எங்களை விட்டு இருபது அடி முன்னால போயிட்டான், நாங்க கூப்பிட்டாலும் திரும்பல, எங்களைத் தெரியாத மாதிரியே நடக்கறான். சதுக்கத்தைத் தாண்டி சந்துக்குள்ள நுழைஞ்சதும் மறுபடி பக்கத்துல வந்து பேச ஆரம்பிச்சான். அங்க டூரிஸ்ட் போலீஸ் மஃப்டியில நிப்பாங்க, லைசென்ஸ் இல்லாம கைடு வேலை பாத்தா பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு நாங்க தங்கின ரியாத்ல (நடுவுல முற்றம் வெச்ச பழைய வீட்டை விடுதியா மாத்தினது) அப்புறமா சொன்னாங்க.

அரண்மனை வாசல்ல நின்னு டிக்கெட் காசு தனின்னான். மதரஸாவுலயும் அதே. நான் புக்கிங்ல 'நுழைவுக் கட்டணம் உள்ளடக்கம்'னு இருக்கறதைக் காட்டினா ஏஜென்சிக்கு போன் போடற மாதிரி போட்டு, அவங்க எடுக்கலன்னுட்டான். கவுன்ட்டர்ல நாங்களே கட்டினோம். காசு கட்டினது போகட்டும், பென் யூசுஃப் மதரஸா 16ஆம் நூற்றாண்டுல ஸாதி (Saadi) வம்ச சுல்தான்கள் கட்டினது, நடு முற்றத்துல தண்ணித்தொட்டி, சுவத்துல இடுப்பு உயரத்துக்கு ஓட்டுச்சில்லு வேலை, அதுக்கு மேல சுண்ணாம்புச் சிற்பம், அதுக்கும் மேல தேவதாரு மரம், எனக்கு அங்க ஒரு மணி நேரம் நிக்கணும்னு இருந்துச்சு, இவன் பத்து நிமிஷத்துல கிளம்புங்க கிளம்புங்கன்னு விரட்டறான். எதுக்குன்னு பாத்தா கம்பளக்கடை. அங்க மட்டும் அவனுக்கு அவசரமே இல்ல. புதினா டீ குடுத்து, வாங்க வேண்டாம், சும்மா பாருங்கன்னு ஒண்ணு ஒண்ணா விரிச்சு, வேண்டாம்னு எழுந்ததும் கடைக்காரர் முகமே மாறிடுச்சு. அங்கருந்து ஆர்கன் எண்ணெய்க்கடை. நாங்க எதுவும் வாங்கல, அவன் எங்களை சந்து நடுவுல விட்டுட்டுப் போயிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேற, தொழுகை நேரம், பாதிக் கடை மூடியிருக்கு, வழி கேக்க ஆள் இல்ல. 'இந்த வழி மூடியிருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்'னு ரெண்டு மூணு பசங்க பின்னாலயே வராங்க, என் பொண்ணு பயந்து என் துப்பட்டாவை விடவே இல்ல.

மறுநாள் மஜொரெல். அத்தை திருச்சியில இருந்து எங்களைப் பாக்க வந்தவங்க, இந்த ட்ரிப்ல அவங்க வாய் திறந்து கேட்ட ஒரே இடம் அந்த நீலக் கட்டடம்தான், ஏதோ வீடியோவுல பாத்திருக்காங்க. 1923ல ஜாக் மஜொரெல்ங்கற பிரெஞ்சு ஓவியர் நிலம் வாங்கி உருவாக்கின தோட்டம் அது, அவருக்கப்புறம் கவனிப்பாரில்லாம கிடந்ததை 1980ல ஃபேஷன் டிசைனர் ஈவ் சான் லோரானும் அவரோட கூட்டாளி பியர் பெர்ஜேவும் வாங்கி காப்பாத்தினாங்க. டிரைவர் வாசல்ல இறக்கி விட்டு, உள்ள ஆள் டிக்கெட்டோட நிக்கறாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். யாரும் இல்ல. போன் அடிக்குது, எடுக்கல. வாட்ஸ்அப்ல "அஞ்சு நிமிஷம் மேடம்", அரை மணி கழிச்சு மறுபடி "அஞ்சு நிமிஷம்". வாசல்ல நின்ன செக்யூரிட்டிக்காரர்தான் பாவம் பாத்து சொன்னார், இங்க கவுன்ட்டர்ல டிக்கெட்டே விக்கறதில்ல, தோட்டத்தோட சொந்த சைட்ல நேரம் குறிச்சு வாங்கணும், கியூஆர் கோடு இல்லாம யாரையும் உள்ள விட முடியாதுன்னு. அங்கயே நின்னு போன்ல பாத்தேன், நாங்க ஊருக்குக் கிளம்பற வரைக்கும் ஒரு இடம்கூட காலி இல்ல. அத்தை வெயில்ல சுவத்தோரமா நின்னுட்டு "பரவால்ல விடும்மா, வெளியில இருந்தே மரம் தெரியுது பாரு"ன்னாங்க. அவங்க அப்படிச் சொன்னதுல எனக்கு இன்னும் ஆத்திரம் ஜாஸ்தியாச்சு. டிக்கெட் எடுத்தாச்சுன்னு எழுத்துல சொன்ன ஆளு ஒரு டிக்கெட்டும் எடுக்கல.

பாலைவனமும் பொய். வண்டி ஒரு மணி நேரம்கூட ஓடல, நின்னுடுச்சு. காய்ஞ்ச பழுப்பு மேடு, கால் வைக்கற இடமெல்லாம் சரளைக் கல்லு, பக்கத்துல குவாட் பைக் சத்தம். அகாஃபே. அட்லஸ் மலை தெரியற அந்த வெளி அழகா இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன், அகாஃபேன்னு சொல்லி வித்திருந்தா ஒத்துக்கலாம். என் பொண்ணு ஸ்கூல்ல காட்டறதுக்கு மணல் எடுக்கணும்னு சின்ன பாட்டில் கொண்டு வந்திருந்தா, இறங்கி சுத்திப் பாத்துட்டு "மணல் எங்கம்மா?"ன்னு கேக்கறா. டிரைவர்கிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன், அவர் என்னை நேராப் பாக்காம "இது மெர்சூகா"ன்னார். எங்க ரியாத்தை நடத்தற அம்மா அன்னிக்கு ராத்திரி விளக்கினாங்க, அந்த ஆரஞ்சு மேடு எர்க் ஷெப்பி, மெர்சூகா ஊர்கிட்ட இருக்கு, இங்கருந்து 550 கிலோமீட்டருக்கு மேல, டிஷ்கா கணவாய் 2,260 மீட்டர் உயரம் ஏறி இறங்கணும், போகவே ஒன்பது பத்து மணி நேரம் ஆகும், மத்தியானம் கிளம்பி ராத்திரி திரும்பற டூர்ல அதைக் காட்ட யாராலயும் முடியாதுன்னு. அந்த ஏஜென்சிக்கு இது தெரியாமலா இருக்கும்? தினமும் அந்த ரோட்ல வண்டி ஓட்டறவங்க.

ஒட்டகம் ஒரு மணி நேரம்னு போட்டது கூடாரத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு, இறங்கறதுக்குள்ள டிப்ஸ் கேட்டு கை நீட்டியாச்சு. சாப்பாட்டுல அத்தைக்கு முன்னால வெச்ச தஜீன் சட்டியோட கூம்பு மூடியைத் திறந்தா மேல கேரட், உருளைக்கிழங்கு, சுரைக்காய், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அத்தை ரொட்டியால ஒரு ஓரமா தள்ளினாங்க, அடியில கோழித் துண்டு, எலும்போட. பரிமாறின பையனைக் கூப்பிட்டா ஸ்பூனால அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்துத் தட்டுல போட்டுட்டு "இப்ப சைவம்"ங்கறான். எழுபது வயசு தாண்டினவங்க, வெறும் ரொட்டியும் பட்டைத்தூள் தூவின ஆரஞ்சுத் துண்டும் சாப்பிட்டுட்டு, குளிர்ல போர்வை போத்திட்டு உக்காந்திருந்தாங்க. என் வீட்டுக்காரர் சாதாரணமா சத்தமே போட மாட்டார், அன்னிக்குப் போட்டார், ஒருத்தரும் கண்டுக்கல. திரும்பி வரும்போது ரியாத்கிட்ட விடாம பாப் துக்காலாங்கற பழைய ஊர்க் கோட்டை வாசல்ல இறக்கிட்டுப் போயிட்டாங்க, எங்க ரியாத் ஊருக்கு இன்னொரு கோடியில பாஹியா பக்கம்.

ஏமாத்தினதைவிட இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கல. ஆப்ல புகார் போட்டா முதல்ல ரோபோ சாட். அதைத் தாண்டி ஆளைப் பிடிச்சா ஒவ்வொரு தடவையும் வேற பேர், முதல்ல இருந்து கதை சொல்லணும், கடைசியில ஒரே வரி, "உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம், உள்ளூர் நிறுவனத்திடம் விசாரிக்கிறோம், 5 முதல் 7 வேலை நாட்கள்". படம் கேட்டாங்க, அனுப்பினேன். படத்துல ஏஜென்சி பேர் தெரியலன்னாங்க. கல்லுக்கும் கோழிக்கும் பக்கத்துல எவன் பேர்ப்பலகை வெச்சிருப்பான்? அப்புறம் "பயணிகள் நிகழ்வில் கலந்துகொண்டதால் சேவை வழங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது"ன்னு ஒரு மெயில். நடு ரோட்ல நாலு பேரோட, ராத்திரி, வேற வண்டி கிடையாது, கலந்துக்காம என்ன பண்ணுவாங்க? சாட்ல அவங்களே எழுதினது இருக்கேன்னு கேட்டா "சாட் உரையாடல்கள் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல". அப்ப அந்த சாட்டை எதுக்கு வெச்சிருக்காங்க? இதுக்கு நடுவுல அந்த விளம்பரத்துல இருந்து மணல் மேட்டுப் படத்தை எடுத்துட்டு வேற படம் மாத்திட்டாங்க, நல்லவேளை நான் முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். நான் எழுதின ரிவ்யூ 'விதிமுறைக்கு உட்படவில்லை'ன்னு வரவே இல்ல, 4.8 இன்னும் 4.8ஆவே நிக்குது. கடைசியில சமாதானமா 15 பவுண்டு கிரெடிட், அதையும் அவங்க ஆப்லயே செலவு பண்ணணுமாம். 462 பவுண்டுக்கு 15 பவுண்டு.

கார்டு கம்பெனிக்குப் போயிருக்கேன். இங்க பிரிட்டன்ல 1974ஆம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்துல செக்‌ஷன் 75ன்னு ஒண்ணு இருக்கு, 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் விலையுள்ளதைக் கிரெடிட் கார்டுல வாங்கி, சொன்ன மாதிரி தரலன்னா கார்டு கம்பெனியும் பொறுப்பு. ஆனா நடுவுல ஆப் இருக்கறதால ஒப்பந்தம் யார்கூடன்னு கேள்வி கேக்கறாங்க, அந்த ரசீதுல சின்ன எழுத்துல 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே'ன்னு இருக்கு. இல்லன்னா சார்ஜ்பேக்னு, அதாவது வித்தவங்ககிட்ட இருந்து கட்டின காசை கார்டு வழியாவே திரும்ப எடுக்கச் சொல்லி, போகணும், அதுக்கும் கெடு இருக்கு, பொதுவா 120 நாள், அதனால ஆப்காரங்க 'விசாரிக்கிறோம் விசாரிக்கிறோம்'னு இழுக்கறதை நம்பி உக்காந்துடாதீங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப மணி ஒண்ணு ஆகப்போகுது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். மஜொரெல் டிக்கெட்டை தோட்டத்தோட சொந்த சைட்ல, ஃப்ளைட் புக் பண்ண அன்னிக்கே எடுங்க, வேற யார் வித்தாலும் வாங்காதீங்க. பாஹியா, மதரஸா, ஸாதி வம்சக் கல்லறை எல்லாத்துக்கும் நேர்ல போய் கவுன்ட்டர்ல வாங்கலாம், மதரஸாவுக்கு நாங்க போனப்ப ஆளுக்கு 50 திர்ஹம்தான், நம்ம காசுல நாலு பவுண்டு சொச்சம், இதுக்கெல்லாம் பேக்கேஜே வேண்டாம். மராக்கேஷ்ல இருந்து ஒரே நாள்ல 'சஹாரா மணல் மேடு'ன்னு எவன் சொன்னாலும் பொய், அகாஃபே போறதுன்னா அகாஃபேன்னு தெரிஞ்சு போங்க, மணல்தான் வேணும்னா மெர்சூகாவுக்குக் குறைஞ்சது மூணு நாள் ஒதுக்குங்க. கைடு கழுத்துல பேட்ஜ் இல்லன்னா ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. டாக்ஸியில ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்க. சைவம் சாப்பிடறவங்க 'கோழி இல்லாம'ன்னு மட்டும் சொல்லாம, கறியோட வேகவே கூடாதுன்னு சொல்லுங்க. விளம்பரப் படம், சாட், ரசீது எல்லாத்தையும் காசு கட்டறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஏதாவது ஆச்சுன்னா அங்கயே டூரிஸ்ட் போலீஸ்கிட்ட போங்க, ஊருக்குள்ள போலீஸ் நம்பர் 19. ஊர் திரும்பினப்புறம் யாரும் மதிக்கறதில்ல.

கார்டு கம்பெனியில இன்னும் ரெண்டு பேப்பர் கேட்டிருக்காங்க, காலையில அனுப்பணும். பதில் வந்ததும் இங்கயே சேர்க்கறேன்.